மூன்று தட்டினால் இழு

நெட்டையன் போட்டிருந்த சட்டையின் காலர் புதிதாக இருந்தது. சட்டை பழையதுதான். முழங்கையில் இருக்கும் துருக்கறை எனக்கு நன்றாகத் தெரிந்த கறை. காலரை மட்டும் யாரோ பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பிப் போட்டுத் தைத்திருந்தார்கள். தையல் பல்வரிசை மாதிரி ஒரே சீராக இருந்தது.

"யாரு தைச்சுக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"ம்" என்று தலையாட்டிச் சிரித்தான்.

யார் என்று கேட்டால் ம் என்று சொல்கிறவனை என்ன செய்வது. எனக்கா தெரியாது? எங்கள் கட்டடத்தில் தையல் மெஷின் வைத்திருப்பது ஒரே ஆள்தான், இரண்டாம் மாடித் தையல்காரம்மா. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஆனால் அந்தக் காலர் எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

நாங்கள் இருவரும் பாய்லர் சுத்தம் செய்தவர்கள். எந்த ஆலையில் பாய்லரை அணைத்துப் போட்டாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பாய்லரின் வயிற்றில் ஒரு துவாரம் இருக்கும். அதற்குள் நெளிந்துதான் நுழைய வேண்டும். நெட்டையனுக்குத் தோள் இடிக்கும். நான் குள்ளம், ஒல்லி. அதனால் எனக்கு எலி என்று பேர். எலி உள்ளே போவான், நெட்டையன் வெளியே நிற்பான். என் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவன் கையில் இருக்கும். உள்ளே சுவரெல்லாம் உப்பு கல்லாகப் படிந்திருக்கும். சின்னச் சுத்தியலால் கொத்திக் கொத்தி எடுக்க வேண்டும். உள்ளிருந்து கத்தினால் வெளியே ஒரு சொல்லும் விளங்காது. அதனால் எங்களுக்குத் தட்டுவதுதான் பேச்சு. ஒரு தடவை தட்டினால் நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால் காற்று வேண்டும். மூன்று என்றால் இழு. எதற்கு, என்ன ஆச்சு என்று கேள்வியெல்லாம் கிடையாது. கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான். பாய்லரின் முதுகில் காதை ஒட்டவைத்துக்கொண்டே அவன் வேலை நாளெல்லாம் நிற்பான். என் உயிர் கயிற்றில் இருந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். கயிறு என்ன கயிறு, அவன் காதில் இருந்தது.

ஒரு தடவை புதிதாகச் சேர்ந்த ஒருவன் உள்ளே சும்மா உட்கார்ந்துகொண்டு விளையாட்டுக்கு மூன்று தட்டினான். வெளியே நின்றவர்கள் பதறி இழுத்ததில் அவன் தோள் துவாரத்தில் சிராய்ந்து தோல் உரிந்தது. அப்படியும் வெளியே வந்து சிரித்தான். யாரும் அவனை அடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அப்புறம் ஒருத்தரும் அவன் கயிற்றைத் தொடவில்லை. கயிறு பிடிக்க ஆள் இல்லாதவன் பாய்லருக்குள் எப்படிப் போவான்? தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டான்.

என் மனைவி போய்ச்சேர்ந்த பிறகு நெட்டையன்தான் என்னை இந்தக் கட்டடத்துக்குக் கூட்டிவந்தான். தரைத்தளத்தில் அவன் இருந்த அறையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மூட்டுவலியோடு முதல் மாடிக்கு ஏறிக்கொண்டான். "உனக்கு நெஞ்சு போச்சு, எனக்கு முட்டி போச்சு. முட்டியை வச்சு யாரும் மூச்சு விடுறதில்லடா" என்றான். எங்கள் அறைகளின் மூலையில் ஓர் இரும்புத் தண்ணீர்க் குழாய் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தரைவரை இறங்குகிறது. என் அறை, மேலே அவன் அறை, அதற்கும் மேலே பூட்டிக்கிடந்த ஓர் அறை. வந்த மறுநாள் காலையில் நான் ஒரு கரண்டியை எடுத்துக் குழாயில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். சாவியால் தட்டிய சத்தம் ஒன்று மேலிருந்து பதிலாக வந்தது. அன்று ஆரம்பித்தது. காலையில் ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று. முதலில் நான் தட்ட வேண்டும், பிறகு அவன். உள்ளே இருப்பவன்தான் எப்போதும் முதலில் தட்டுவான்.

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மகன் தூரத்தில் இருக்கிறான். போன் செய்வான், "சாப்பிட்டியாப்பா" என்பான், நான் "ம்" என்பதற்குள் அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிடுவார்கள். சில நாள் சாயங்காலம் பால்காரரிடம் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் குரல் வராது. காலையிலிருந்து பயன்படுத்தாத குரல், துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி கரகரக்கும். செத்துக்கிடந்தால் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும் என்று ஒரு நினைப்பு அடிக்கடி வரும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் நான் குழாயைத்தான் பார்ப்பேன். காலையில் ஒரு தட்டு குறைந்தால் மேலே ஒருவனுக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மிச்சம் இருந்தது அதுதான்.

பூட்டிக்கிடந்த அறைக்குத் தையல்காரம்மா குடிவந்தாள். அவளுக்கும் யாரும் இல்லை என்று சொன்னார்கள். இல்லாவிட்டால் என்ன, இல்லாதவர்கள் எல்லாம் என் ஆளிடம்தான் வர வேண்டுமா? நெட்டையனை அண்ணே, அண்ணே என்பாள். என்னையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் அதில் அந்த இனிப்பு இருக்காது. மாடிப்படியில் அவள் சுமையை அவன் வாங்கித் தூக்கினான். அவள் அறை ஜன்னல் கொக்கியைச் சரிசெய்து கொடுத்தான். நான் அவளைப் பரிசோதிப்பதற்காகவே ஒரு கால்சட்டையைக் கொடுத்து, கீழ்மடிப்பைக் கொஞ்சம் ஏற்றித் தைக்கச் சொன்னேன். தைத்துக் கொண்டுவந்தாள்.

"ஒரு கால் நீளமா இருக்கே" என்றேன்.

"துணியில இல்லண்ணே. உங்க காலுதான் ஒண்ணு கட்டை. நின்னு பாருங்க."

நின்று பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. உருண்டையான பாய்லர் தரையில் ஒரு பக்கமாகவே ஊன்றி ஊன்றி இடுப்பு சாய்ந்துவிட்டது. இத்தனை வருஷம் எனக்கே தெரியாததை இவள் ஒரு பார்வையில் கண்டுபிடித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அந்த மதியம் வந்தது. நான் படுத்திருந்தேன். குழாய் சத்தம் போட்டது. சாவிச் சத்தம், ஒன்று. எனக்குத்தான் என்று எழுந்து கரண்டியைத் தேடுவதற்குள் மேலே இன்னும் உயரத்திலிருந்து வேறொரு சத்தம், ஒன்று. மெல்லிய சத்தம். கத்தரிக்கோலாக இருக்கும். சாவி, இரண்டு. கத்தரிக்கோல், இரண்டு. அப்புறம் சாவி, மூன்று. கத்தரிக்கோல் மூன்றைத் தையல் மெஷின் மாதிரி தடதடவென்று ஓட்டியது. சாவி பொறுமையாக மறுபடியும் மூன்று தட்டிக் காட்டியது. இந்த முறை இடைவெளி விட்டு, சரியாக, மூன்று.

பாடம் நடக்கிறது. எங்கள் மூன்றை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். ஒருமுறை மேஸ்திரி என் கயிற்றைக் கேட்டபோதே, "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்று தர மறுத்தவன். கரண்டியைப் பிடித்தபடி குழாய் பக்கத்தில் நின்றேன். வயிற்றில் நெருப்பு விழுந்தது என்பார்களே, எனக்கு அதன் சூடு முதுகுவரை தெரிந்தது. இந்த வயதில் ஒரு மனிதனுக்குப் பொறாமை வரக்கூடாது என்று யார் சொன்னது? இளம் வயதில் இழந்தால் வேறொன்று கிடைக்கும். எனக்கு வேறொன்று எங்கே இருக்கிறது?

அதற்குப் பிறகு எல்லாம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. சாயங்காலத் தட்டுக்கு அவனிடமிருந்து பதில் வருவது குறைந்தது. பெஞ்சில் நான் ஏதாவது சொன்னால் என் வாயையே பார்ப்பான், சிரிப்பான், தலையாட்டுவான். வருத்தமான சங்கதிக்கும் சிரித்தான். நினைப்பெல்லாம் மாடியில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை அவர்கள் இருவரும் சேர்ந்து பஸ் ஏறிப் போனதை ஜன்னலில் பார்த்தேன். வெயில் சாய்ந்த பிறகுதான் திரும்பினார்கள். அவள் கையில் ஒரு காகிதப் பை. அவன் சீவிய தலையோடு, அந்தக் காலர் வைத்த சட்டையோடு முன்னால் நடந்தான். நான் கடைவாசலில் நின்றிருந்தேன். அவர்கள் தாண்டிப் போனதும் பின்னாலிருந்து கூப்பிட்டேன்.

"டேய் நெட்டை."

அவன் திரும்பவில்லை. நல்ல சத்தமாகத்தான் கூப்பிட்டேன். கடைக்காரர் திரும்பினார், சைக்கிளில் போனவர் திரும்பினார். அவன் நடந்துகொண்டே இருந்தான். அவள்தான் நின்று என்னைப் பார்த்தாள், பிறகு அவன் தோளைத் தொட்டாள். அதற்கப்புறம்தான் அவன் திரும்பினான். திரும்பி, பழையபடி சிரித்தான்.

என்னைப் பார்ப்பதற்கு இப்போது அவள் அனுமதி வேண்டியிருக்கிறது.

"எங்க போயிட்டு வர்றீங்க?" என்று அவளிடம் கேட்டேன்.

"சும்மா, ஒரு வேலையா" என்று அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

மறுநாள் மதியம் நான் அதைச் செய்தேன். கட்டடத்தில் மற்ற எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து என் கொத்துச் சுத்தியலை எடுத்தேன். கரண்டி போதாது என்று தோன்றியது. அவன் வருகிறானா என்று பார்க்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வந்தால் நான் இன்னும் இருக்கிறேன். வராவிட்டால் என்ன செய்வதென்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

குழாய் மேலேவரை அதிர்ந்து அடங்கியது. காத்திருந்தேன். என் மேல்தளத்தில் அசைவே இல்லை. கட்டில் முனகவில்லை, அவன் தடி தரையில் ஊன்றவில்லை. அவன் அங்கேதான் இருந்தான். கொஞ்சம் முன்னால்தான் இருமினான், கேட்டேன். அப்படியானால் தெரிந்தே உட்கார்ந்திருக்கிறான். நான் சுத்தியலைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் உண்மையாகவே மூச்சு திணறியது.

அப்போது மேலே எங்கேயோ நாற்காலி ஒன்று விழுந்தது. செருப்பில்லாத கால்கள் படியில் ஓடிவந்தன. முதல் மாடியில் ஒரு கதவைப் படாரென்று தள்ளும் சத்தம், பிறகு மறுபடியும் ஓட்டம். என் கதவு திறந்தது. தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப், முடி அவிழ்ந்து, மூச்சு வாங்க நின்றாள்.

"எங்கண்ணே வலிக்குது? நெஞ்சா? சாயாதீங்க, நிமிந்து உக்காருங்க" என்று என் முதுகுக்குப் பின்னால் வந்து மண்டியிட்டு என்னைத் தாங்கிக்கொண்டாள்.

"உன்னை யாரு கூப்பிட்டா?" என்றேன்.

"நீங்கதான் மூணு தட்டினீங்க."

"அவனுக்குத் தட்டினேன்."

"அவருக்குக் கேக்காதுண்ணே."

"கேக்காம எங்க போவுது? பக்கத்துலதான் குழாய் இருக்கு."

என் முதுகில் இருந்த அவள் கை தளர்ந்தது.

"ரெண்டு காதும் போயிடுச்சு. சுத்தமா. நேத்து காது ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். காதுல மெஷின் மாட்டினாலும் பெருசாப் பிரயோசனம் இல்லையாம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கினாரு. 'எலி மூணு தட்டினா எனக்குக் கேக்காது, உனக்குக் கேக்கும், நீ ஓடிடு'ன்னாரு. அதுக்குத்தான் தட்டச் சொல்லிக்குடுத்தாரு."

நான் இத்தனை நாள் வயிறெரிந்த பாடம் எனக்காக நடந்த பாடம்.

"காலைல பதில் தட்டுறானே" என்றேன் கடைசியாக.

"விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு குழாய்ல உள்ளங்கைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அதிருச்சுன்னா தட்டுவாரு. சாயங்காலம் நீங்க ஒரு நேரம்னு தட்டுறதில்ல, அதான் தவறிப்போவுது."

தடி ஊன்றும் சத்தம் படியில் இறங்கிவந்தது. நெட்டையன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வரும் வழியில் அவன் கதவைத் தள்ளிச் சைகை காட்டியிருக்கிறாள். மூட்டுவலியோடு இறங்கியதில் அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான். நான் சுத்தியலை இன்னும் விடவில்லை. நன்றாக இறுக்கிப் பிடித்திருந்தேன். உண்மையிலேயே இழுக்கச் சொல்கிறவன் கையில் சுத்தியல் நிற்காது. அதை இத்தனை வருஷம் பார்த்தவன் அவன்.

"பொய்யா?" என்றான்.

நான் தலையாட்டினேன்.

அவன் சத்தம் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மூட்டைத் தேய்த்துக்கொண்டான். அவள் எழுந்து, கலைந்த முடியை முடிந்துகொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"என் மெஷின்ல இருந்த துணி சிக்கிக் கிழிஞ்சிருக்கும். நீங்கதான் அதுக்குப் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

அவன் முகத்துக்கு நேரே போய் உட்கார்ந்து, உதட்டைப் பிரித்துப் பிரித்துக் கேட்டேன். "ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"உன் உசுரை என் காதுல வச்சிருந்தேன். காது போச்சுன்னு உன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்றான். குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. அவனுக்கே அது தெரியவில்லை.

"அவகிட்ட மட்டும் சொல்ல முடிஞ்சுதா?"

"அவ கயித்தை நான் பிடிக்கல."

ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று விடாமல் குடைந்தது.

"எப்ப சொன்ன அவகிட்ட?"

"போன மழை நேரத்துல."

போன மழை நேரம் முழுக்க நான் அவன் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் எழுந்து போனான். கதவருகில் திரும்பி, "பொய்த் தட்டு தட்டினவனுக்கு என்னன்னு உனக்குத் தெரியும்" என்றான். விளையாட்டாகச் சொன்னானா, நிஜமாகவா என்று முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளிச்சம் அவனுக்குப் பின்னால் இருந்தது.

மறுநாள் காலை நான் தட்டவில்லை. கரண்டியை எடுத்தேன், வைத்தேன். கயிற்றைத் தொட மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு எந்த உரிமையில் தட்டுவது? அவனைப் போலவே நானும் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக, செத்த பொருள் மாதிரி இருந்தது. ஜன்னலில் வெயில் ஏறியது. இனிமேல் எல்லாக் காலையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அழுகையாகக்கூட வரவில்லை. இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை வெறும் தரையில் கிடப்பதை உள்ளிருந்தே பார்ப்பது மாதிரி வெறுமையாக இருந்தது.

அப்போது என் உள்ளங்கை அதிர்ந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

வெளியே நிற்பவன் ஒருநாளும் உள்ளே இருப்பவனுக்கு மூன்று தட்டியதில்லை. அந்த வேலையில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. நான் சட்டைகூடப் போடவில்லை. மாடிப்படியை நான் தொட்டு எத்தனையோ காலம் ஆகிறது, ஏறினால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்து இழுத்து, பாய்லர் துவாரத்தில் நுழைகிறவன் மாதிரி ஏறினேன். பாதியில் கண் இருட்டியது. நிற்கவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. நெட்டையன் மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தான், ஒரு கை குழாயில். அவன் பக்கத்தில், ஏற்கெனவே, தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் தண்ணீர்ச் சொம்பு. மேலிருந்து இறங்குவது சுலபம், கீழிருந்து ஏறுவதுதான் கஷ்டம் என்று அவளுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். மூச்சில் பாதிச் சொல் போய்விட்டது.

அவன் என் வாயைப் படித்தான். "நீ தட்டலை" என்றான். "விடிஞ்சதுலேருந்து கைய வச்சிட்டு உக்காந்திருக்கேன். அதிரவே இல்ல. இறங்கி வந்து கதவைத் திறந்து பாக்க எனக்கு தைரியம் இல்லடா." குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை. "நேத்து நான் சொன்னது விளையாட்டுக்கு."

நான் கீழே அவன் எதிரில் சரிந்து உட்கார்ந்தேன். தையல்காரம்மா சொம்பை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

"நான் வந்துட்டேன்மா. நீ போய் வேலையப் பாரு" என்றேன்.

"போறேன் போறேன். நான்தானே முதல்ல வந்தேன், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்" என்று சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

முதலில் வந்தாளாம். அதைச் சொல்லியே ஆக வேண்டுமா? நான் நெட்டையனின் கையைக் குழாயிலிருந்து எடுத்து, என் மடியில் வைத்து, உள்ளங்கையை விரித்தேன். கயிறு அறுத்த தழும்பு நடுவில் இன்னும் இருந்தது. அதன்மேல் என் விரலால் ஒரு தட்டு தட்டினேன். அவன் விரல்களை மடக்கி என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

தையல்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கட்டும் என்றுதான் கொஞ்சம் அழுத்தித் தட்டியிருந்தேன்.